சாமியா, மனுஷனா?

1997இல் மயிலாப்பூரில் இந்தக் கேள்விக்குக் கட்சி கட்டாத வீடு குறைவு. சன் டிவியில் ‘மர்மதேசம்’ வரிசையின் ‘விடாது கருப்பு’ ஓடிக்கொண்டிருந்தது. தெற்கத்திப் பக்கம் ஒரு கிராமம். தப்புத்தண்டா செய்கிறவர்களை ராத்திரியில் குதிரையேறி வந்து ஓர் உருவம் தண்டிக்கிறது. வந்தது கருப்பசாமிதான் என்கிறது ஊர். பட்டணத்துப் படிப்பு படித்தவர்களுக்கு நம்ப முடியவில்லை. வாரத்துக்கு ஒரு ராத்திரிதான் தொடர் வரும், அதிலும் விளம்பரம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சமிருந்த நாளெல்லாம் கதையை நடத்தியவர்கள் நாங்கள்தான்.

கதை இந்திரா சௌந்தர்ராஜனுடையது. இயக்கம் நாகா. தயாரித்தது பாலசந்தரின் மின்பிம்பங்கள். பாலசந்தர் வீடு வாரன் ரோட்டில். அதாவது, மாட வீதியிலிருந்து பொடிநடையாகப் போய்விடக்கூடிய தூரத்தில் விடை தெரிந்தவர் ஒருவர் குடியிருந்தார். “நேரே போய் அவரையே கேட்டுட்டா என்ன?” என்றான் எங்கள் குடியிருப்பில் ஒரு வாண்டு. அத்தனை பேரும் சேர்ந்து அவனை அதட்டி உட்கார வைத்தார்கள். கேட்டுத் தெரிந்துகொள்வதில் யாருக்கு அக்கறை? தானாகக் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் எதிர்வீட்டுக்காரருக்கு முன்னால் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

மூலக்கதையான ‘விட்டுவிடு கருப்பா’ நாவலைப் படித்தவர்களும் ஊரில் இருந்தார்கள். எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். தனக்கு முடிவு தெரியும் என்ற கர்வத்தோடு முதல் சில வாரம் சிரித்துக்கொண்டு நடமாடினார். “டிவிக்காக மாத்தியிருப்பாங்க சார்” என்று யாரோ ஒரு வார்த்தை போட்டார்கள். அன்றோடு அவருக்கும் தூக்கம் போயிற்று. எங்களைவிட ஆர்வமாகத் தொடரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எபிசோடு ஓடும்போது பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பேச்செல்லாம் மறுநாள் காலை, மெட்ரோ வாட்டர் லாரி வருகிற வரைக்கும். அந்தக் காலத்துச் சென்னையில் லாரிக்காகக் காத்திருப்பது தனி உத்தியோகம். பச்சையும் நீலமுமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் இடம் பிடித்து நிற்கும், ஆட்கள் நிழலில் ஒதுங்கி நிற்பார்கள். லாரி எட்டு மணிக்கும் வரலாம், பத்தரைக்கும் வரலாம். துப்புத் துலக்குவதற்கு அதைவிடத் தோதான நேரம் கிடைக்காது.

மேல்மாடி மாமி தினமும் கபாலி கோயிலுக்குப் போய்விட்டு வந்துதான் காபி குடிப்பார். வந்தது சாமிதான் என்பது அவர் கட்சி. ஆனால் அதற்கு அவர் சொன்ன காரணம் பக்தி இல்லை. “எழுதினது யாரு? இந்திரா சௌந்தர்ராஜன். இதே வரிசையிலே முன்னாடி வந்த ‘ரகசியம்’ல நவபாஷாண லிங்கத்தை வச்சுண்டு என்னமா ஆட்டம் காட்டினார்! இந்த மனுஷன் எவ்வளவு சயன்ஸ் பேசினாலும் கடைசியிலே சாமிக்குன்னு ஒரு நாற்காலியைப் போட்டு வச்சுடுவார், பாரு.” மாமி கருப்பசாமியைப் பற்றிப் பேசவே இல்லை. கதை எழுதியவரைத்தான் வேவு பார்த்தார்.

கீழ்த்தளத்து வக்கீல் சாரின் வழி வேறு. அவர் ஒரு பழைய டைரியை இதற்கென்றே ஒதுக்கியிருந்தார். இடப் பக்கத்தில் கருப்பு தோன்றிய ஒவ்வொரு இடமும் வரிசையாக இருக்கும். வலப் பக்கத்தில், அந்த நேரத்தில் திரையில் காணாமல் போயிருந்தவர்களின் பெயர்கள். ஒருவர் வேறிடத்தில் இருந்தார் என்று தெளிவாகக் காட்டிவிட்டால் பெயருக்கு மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்துவிடுவார். “சாமிக்குச் சம்மன் அனுப்ப முடியாது. அதனால மனுஷங்களை மட்டும்தான் விசாரிக்கிறேன்” என்பார். இன்னொன்றும் சொல்வார்: “கேமரா யார் முகத்துல காரணமில்லாம ரெண்டு செகண்டு கூடுதலா நிக்குதுன்னு பாரு. அவன்தான் சாட்சி, இல்லேன்னா குற்றவாளி.” பிறகு வந்த எத்தனையோ சினிமாவை நான் அந்த இரண்டு செகண்டுக்காகவே பார்த்திருக்கிறேன்.

தெருமுனையில் தூங்குமூஞ்சி மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்த அண்ணனுக்குச் சிவகங்கைப் பக்கம் சொந்த ஊர். கருப்பு அவருக்குக் குலதெய்வம். தொடரை டீக்கடை டிவியில் பார்ப்பார். அதுவரை அவரை யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. ஒரு நாள் துணி வாங்கப் போன வக்கீல் சார்தான், “என்ன, உங்க சாமி விவகாரம் இப்படிப் போகுதே?” என்று இழுத்தார். அண்ணன் கரிப்பெட்டியைத் தட்டின்மேல் நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: “இது கருப்பு இல்ல சார். எங்க ஊர்ல கருப்பு எறங்குனா ஊரறிய எறங்கும். உறுமி அடிக்கணும், அருவா மேல ஏறி நிக்கும், நெஞ்சுக்கு நேரா நின்னு கணக்குக் கேக்கும். இப்படி மூஞ்சிய மறைச்சுக்கிட்டு, ஆள் இல்லாத நேரமாப் பாத்து வராது. ஒளிஞ்சு வர்றவன் மனுஷன்தான்.”

வக்கீல் சார் சட்டைகளை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். அன்றிரவு அந்த வாதத்தை டைரியில் ஏற்றியிருப்பார் என்பது என் அனுமானம்.

இத்தனை பேரில் கருப்பசாமியைத் தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மயிலைக்கும் காவல் தெய்வம் உண்டு, கோலவிழியம்மன் இருக்கிறாள். ஆனாலும் ஆகமக் கோயிலும் தெப்பக்குளமுமாகப் பழகிய எங்களுக்கு ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும் கருப்பு ஒரு வேடிக்கை. நாங்கள் எழுத்தாளரையும் கேமராவையும் ஆராய்ந்துகொண்டிருந்தோம். அவரோ சாமியின் நடத்தையை ஆராய்ந்தார். நம்பிக்கை வழியாகவே நடந்து, ‘இது மனுஷன்’ என்ற முடிவுக்கு எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தார். பகுத்தறிவுக்கு இப்படியும் ஒரு பாதை உண்டு என்று எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

வேறு எந்தச் சந்தர்ப்பத்திலும் இந்த மூவரும் சாமி உண்டா இல்லையா என்று பேசியிருக்க மாட்டார்கள். மாமியிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் அபசாரம், வக்கீல் சாரிடம் கேட்டால் சண்டை. அண்ணனிடம் கேட்பதே அதிகப்பிரசங்கித்தனம். ‘விடாது கருப்பு’ அந்தக் கேள்வியைக் கதையாக்கி நடுவில் போட்டது. யாருக்கும் மனத்தாங்கல் வராமல் மாதக்கணக்கில் பேச முடிந்தது. மர்மத் தொடரைப் பார்க்கிறவர்கள் விடையைத் தேடுகிறார்கள் என்பது பாதிதான் உண்மை. சாதாரணமாகப் பேச முடியாததைப் பேச ஒரு சாக்கு கிடைக்கிறது என்பது மீதிப் பாதி.

இதற்கு அவகாசம் வேண்டும். அந்த அவகாசம் அன்றைக்கு யாரும் எங்கள்மேல் கரிசனப்பட்டுக் கொடுத்ததல்ல. விளம்பரதாரர்களும் நேர அட்டவணையும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. ஒரு வாரம் தவறவிட்டால் மறுபடி பார்க்க வழி கிடையாது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால் தீர்ந்தது. யாரையாவது பிடித்துக் கதை கேட்க வேண்டும். அங்கேதான் விசேஷம்: மாமியிடம் கேட்டால் கிடைப்பது ஒரு எபிசோடு, வக்கீல் சாரிடம் கேட்டால் வேறொரு எபிசோடு. மாமி சொன்ன கதையில் கோயில் மணி ஓயாமல் அடிக்கும். வக்கீல் சார் சொன்னதில் மணியே இருக்காது, யார் எத்தனை மணிக்கு எங்கே இருந்தார் என்பதுதான் இருக்கும். இரண்டையும் கேட்டுவிட்டு நடுவில் ஒரு கதையை நாமே கட்டிக்கொள்ள வேண்டியதுதான். 12பி பஸ்ஸில் பனகல் பார்க் போய்ச் சேர்வதற்குள் எனக்கு அது முடிந்துவிடும்.

வாரக்கணக்கில் கொலையைப் பேசுவது தமிழர்களுக்குப் புதிதும் இல்லை. கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை தன் பத்திரிகையில் எழுதினார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இன்னும் ஓயவில்லை. கல்கி வேண்டுமென்றே அந்தக் காட்சியை இருட்டில் வைத்தார். தொடர் முடிந்த பிறகும் வாசகர்கள் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க, முடிவுரை எழுதி விளக்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் கல்வெட்டில் பெயர்கள் இருக்கின்றன. காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டு, சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சொல்லி, அவர்கள் உறவினர் நிலங்களைப் பறித்ததைப் பதிவு செய்கிறது. பெயர் கிடைத்ததும் வழக்கு முடிந்துவிட்டதா? பின்னால் இருந்து தூண்டியது யார் என்று நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன்மேல் ஐயம் எழுப்பினார், மற்றவர்கள் மறுத்தார்கள். 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் படங்கள் வந்தபோது நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை போகிறவர்கள் மறுபடியும் நந்தினியைக் கூண்டில் ஏற்றினார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின கொலைக்கு, சர்க்கரை வியாதிக்காக நடக்கிறவர்கள் விசாரணைக் கமிஷன் வைத்தார்கள்.

விடையைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம். 1990இல் ‘ட்வின் பீக்ஸ்’ தொடர் வந்தது. லாரா பாமர் என்ற பெண்ணைக் கொன்றது யார் என்று அந்த நாடே கேட்டது. இயக்குநர் டேவிட் லின்ச்சுக்கு அதைச் சொல்ல விருப்பமில்லை. தொலைக்காட்சி நிறுவனம் நெருக்கியது. அதே வருஷம் நவம்பரில் விடை வந்தது. அதற்குப் பிறகு பார்வையாளர் கூட்டம் கரைந்து 1991இல் தொடரே நின்றுபோனது.

‘விடாது கருப்பு’ம் விடையைச் சொல்லித்தான் முடிந்தது. வந்தது மனுஷன், அவனுக்குள் நடப்பதற்கு மனநல மருத்துவத்தில் ஒரு பெயர் இருந்தது. இஸ்திரி வண்டி அண்ணனுக்கு வெற்றி. யார் அந்த மனுஷன் என்று நான் எழுதப்போவதில்லை. இன்னும் பார்க்காதவர்கள் பாக்கி இருக்கிறார்கள். மாமி தோற்றுப்போனார் என்று நினைத்து லாரி வரிசையில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, “டாக்டர் அதுக்கு வியாதின்னு பேர் வச்சார். அந்த ஊர் சாமி வந்திருக்குன்னு சொல்றது. வந்தது அவன் உடம்புக்குள்ளதானே? அப்போ ரெண்டும் ஒண்ணுதான்” என்றார். அண்ணன் காதுக்கு இது போனபோது, “மாமி சொன்னா சொல்லட்டும், கருப்பு ஒளியாது” என்றார். தீர்ப்பு வந்த பிறகும் வழக்கு மேல்முறையீட்டில் இருந்தது. நல்ல மர்மக்கதை யார் என்ற கேள்வியைத்தான் முடித்துவைக்கும். என்ன என்ற கேள்வியை நம்மிடமே விட்டுவிட்டுப் போகும்.

இப்போது நிலைமை வேறு. 2022இல் புஷ்கர்–காயத்ரியின் ‘சுழல்’ அமேசான் பிரைமில் வந்தது. அதுவும் ஒரு சின்ன ஊர், மயானக் கொள்ளைத் திருவிழா, காணாமல் போகும் ஒரு பெண் என்று ‘மர்மதேச’த்துக்குப் பங்காளி முறைதான். ஆனால் எட்டு எபிசோடும் ஒரே நாளில் வந்துவிட்டன. அடையாறில் இருக்கும் அக்கா மகள் ராத்திரி உட்கார்ந்து விடியற்காலையில் முடித்துவிட்டாள். யாரைச் சந்தேகப்பட்டாய் என்று கேட்டேன். “சந்தேகப்பட எங்க மாமா டைம் இருந்துச்சு? அதுக்குள்ள அடுத்தது ஓட ஆரம்பிச்சிடுச்சு” என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. திரையின் ஓரத்தில் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணிக்கொண்டு நிற்கிற இயந்திரத்துக்கு முன்னால் எந்த வக்கீல் டைரியைத் திறக்க முடியும்?

பழைய வாரத்தொடர்களைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். போன வாரக் கதை, இந்த வாரக் கதை, அடுத்த வாரக் கதை என்று போட்டு உள்ளே இருந்த சரக்கு பல வாரங்களில் கொஞ்சம்தான் இருந்தது. இன்றைய தொடர்களில் இழைப்பு நேர்த்தி, பின்னால் ஓட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தே துப்புகளைப் பொடியாக நறுக்கி வைக்கிறார்கள். பார்க்கிறவருக்குத்தான் யோசிக்க இடைவெளி இல்லாமல் போனது. நன்றாகக் காரணம் சொல்லித் தப்பாக ஊகிப்பது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியவே இல்லை.

2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார். செய்தி வந்த அன்று பழைய குடியிருப்புக்காரர்கள் பலர் போனில் பேசிக்கொண்டோம். இரங்கல் இரண்டே வாக்கியத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் மறுபடியும் சாமியா, மனுஷனா என்றுதான் போயிற்று. ஓர் எழுத்தாளருக்கு இதைவிட நல்ல அஞ்சலி எனக்குத் தெரியவில்லை.

‘விடாது கருப்பு’ இப்போது பாலசந்தரின் கவிதாலயா நிறுவனத்தின் யூடியூப் சேனலில் கிடைக்கிறது. அக்கா மகளையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. வாரத்துக்கு ஒன்றுதான். பார்த்ததும் எனக்குப் போன் செய்து யார், ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அடுத்தது. முதல் வாரமே அவள் ஒரு பெயரைச் சொன்னாள். காரணம் அபாரம், ஆள் தப்பு. இதையெல்லாம் தனியாகப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், அவர் உங்களோடு எதிலும் ஒத்துப்போகாதவராக இருக்கட்டும்.