பெயர் நீக்கப்படாத சிறுகோள்

தியானப் பகுதி: சங்கீதம் 147:1-6



இந்த வாரம் வானத்திலுள்ள ஒரு சிறு கல்லைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். அதன் எண் 5178, பெயர் பட்டாழி. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றிவரும் இலட்சக்கணக்கான சிறுகோள்களுள் அதுவும் ஒன்று. அந்த மண்டலத்தின் உட்பகுதியில், செவ்வாயின் பக்கமாக, அது உலவுகிறது. அதன் குறுக்களவு சில கிலோமீட்டர் மட்டுமே. மேகமற்ற இரவில் நம் சோளக்காட்டு வானம் எவ்வளவு இருண்டு தெளிந்திருந்தாலும் வெறுங்கண்ணுக்கு அது புலப்படாது.

ஆயினும் அதைக் கண்டறிந்த இடம் நமக்கு அந்நியமானதன்று. நம் கொல்லிமலையைப் போலவே கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலையில், காவலூரில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கே 1989 பிப்ரவரி 13 அன்று வானியலாளர் ஆர். ராஜமோகன் இச்சிறுகோளைக் கண்டறிந்தார். அதற்கு ஓராண்டு முன்பு, 1988 பிப்ரவரி 17 அன்று, அவர் கண்டறிந்த மற்றொரு சிறுகோள் கணித மேதை ராமானுஜனின் பெயரைத் தாங்கியுள்ளது. அதற்கு முந்திய நூறு ஆண்டுகளில் இந்திய மண்ணிலிருந்து எவரும் ஒரு சிறுகோளையும் கண்டதில்லை. சென்னை வானாய்வகத்தில் 1861-இல் ‘ஆசியா’ என்னும் சிறுகோளைக் கண்ட போக்சன், 1885-இல் கண்டதே அதுவரை இறுதியானதாக இருந்தது.

சிறுகோளை எவ்வாறு அடையாளம் காண்கிறார்கள்? வானத்தின் ஒரே பகுதியைச் சற்று இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் படமெடுக்கிறார்கள். விண்மீன்கள் தம் இடத்திலேயே நிற்கும். சிறுகோள் மட்டும் சிறிது நகர்ந்திருக்கும். ஆனால், ஓர் இரவில் கண்டுவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. முதலில் அதற்குத் தற்காலிகக் குறியீடு ஒன்றே கிடைக்கும். அது சூரியனைச் சுற்றிவர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அது மீண்டும் பார்வைக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் காத்திருந்து பார்க்க வேண்டும். இவ்வாறு பலமுறை பார்த்து அதன் பாதை உறுதிப்பட்ட பிறகே நிலையான எண் கிடைக்கும். பெயர் அதற்குப் பின்னரே. பட்டாழி என்பது கேரளத்தின் கொல்லம் மாவட்டத்து ஊர். அவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு கொண்ட விலங்கியலாளர் சைனுதீன் பட்டாழியைச் சிறப்பிக்கும் வகையில் இச்சிறுகோளுக்கு அப்பெயர் சூட்டப்பட்டது.

ஒருமுறை காண்பது கண்டடைதல் ஆகாது என்பதை இதிலிருந்து கற்கிறேன். திரும்பத் திரும்பப் பார்ப்பதே கண்டடைதல்.

எண்ணும் பெயரும் பெற்ற பின்பும் தொலைந்துபோன சிறுகோள்கள் உண்டு. 1911-இல் வியன்னாவில் ஜொஹான் பலிசா கண்ட 719 ஆல்பர்ட் அவற்றுள் ஒன்று. சில நாட்களுக்குள் அது பார்வையிலிருந்து மறைந்தது. அதன் பாதையைச் சரியாகக் கணிக்கப் போதிய தரவுகள் இல்லை. எனினும் பட்டியலிலிருந்து அதன் பெயரை எவரும் அழிக்கவில்லை. 719 என்னும் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்கவும் இல்லை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காணப்பட்ட ஒரு சிறுகோளின் பாதையைக் கணித்தபோது அது ஆல்பர்ட் என்று அறியப்பட்டது. ஏறத்தாழ 89 ஆண்டுகளுக்குப் பின் அது கிடைத்தது. பழைய குறிப்பு காக்கப்பட்டிருந்ததால்தான் வந்தது இன்னதென்று அறிய முடிந்தது.

இதை நான் ஏன் எழுதுகிறேன் என்பது உங்களில் பலருக்கு இதற்குள் விளங்கியிருக்கும். மூன்று ஆண்டுகளாகத் திருவிருந்தில் பங்குபெறாதவர்களின் பெயர்களைச் சபைப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும் என்னும் கோரிக்கை, வரும் சபைக் கூட்டத்தின் முன் இருக்கிறது. அதைக் கொண்டுவந்தவர்கள் அன்பற்றவர்கள் அல்லர். கணக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறார்கள். அந்த விருப்பத்தை மதிக்கிறேன். ஆனால், அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை பிழைப்புக்காக எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கீழே இறங்கிப்போன நம் பிள்ளைகளின் பெயர்கள். நம் தாயார் ஒருவர், திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குச் சென்று ஆறு ஆண்டுகளாக வராத மகனின் பெயருக்கு மாதந்தோறும் இருபது ரூபாய் சந்தா கட்டி ரசீது வாங்கிச் செல்கிறார். அந்த ரசீதில் எழுத அவனுக்கு ஒரு பெயர் இங்கே இருக்க வேண்டும்.

147-ஆம் சங்கீதத்தைக் கவனித்து வாசியுங்கள். நட்சத்திரங்களை எண்ணி அவற்றுக்குப் பெயரிடுகிற தேவனைச் சொல்லும் வசனத்துக்கு முந்தைய வசனம், இருதயம் நொறுங்கினவர்களின் காயங்களைக் கட்டுகிறவரைச் சொல்லுகிறது. அவ்விருவரும் ஒருவரே. எண்ணுகிற அவருடைய கரமே காயத்தைக் கட்டுகிற கரமும் ஆகும். நூறு ஆடுகளை உடைய மேய்ப்பனின் உவமையிலும் இதையே காண்கிறோம். தொகை தொண்ணூற்றொன்பது என்று அவன் கணக்கைத் திருத்தியிருந்தால், கணக்கு சரியாகியிருக்கும். ஆடு காட்டிலேயே இருந்திருக்கும்.

இம்மலைக்கு இது புதிய பாடமும் அன்று. 1913-இல் இங்கே ஊழியத்துக்கு வந்த ஜெஸ்ஸி பிராண்ட் 1929-இல் காய்ச்சலால் மரித்தார். அவருடைய மனைவி ஈவ்லின் அம்மையார், மிஷன் ஓய்வு கொடுத்த வயதிலும் மலைகளுக்கே திரும்பினார். குதிரையேறி ஊர் ஊராகச் சென்றார். 1974-இல், 95-ஆம் வயதில் மறையும் வரை அவர் இம்மக்களை விட்டு நீங்கவில்லை. நம் முன்னோர் பலர் ஒரே சந்திப்பில் ஆண்டவரை அறிந்தவர்கள் அல்லர்; திரும்ப வந்தவர்களால் அறிந்தவர்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இது. பெயர்களை நீக்க வேண்டாம்; வெளியூரில் இருப்போருக்குத் தனிப் பக்கம் ஒன்று திறப்போம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, கடைசியாக அவரைச் சந்தித்தவர் யார், எந்த நாளில் என்று எழுதுவோம். அந்த இடம் வெறுமையாக இருக்குமானால், அதுவே நாம் செல்ல வேண்டிய வீடு. கணக்கும் உண்மையாக இருக்கும், கதவும் திறந்திருக்கும்.

ஜெபம்: எங்களைப் பேர்சொல்லி அறிந்திருக்கிற பிதாவே, எங்கள் பார்வையிலிருந்து மறைந்தவர்கள் உம்முடைய பார்வையில் இருக்கிறார்கள் என்று விசுவாசிக்கிறோம். அவர்களைத் தேடிச் செல்லும் கால்களையும், சலிக்காமல் மீண்டும் பார்க்கும் கண்களையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.