பாலாக்காரர்

தமிழ்க் கதைகளில் வரும் எம்.எல்.ஏ.க்கள் எல்லாரும் ஏன் ஒரே அச்சில் வார்த்த வெல்லம் மாதிரி இருக்கிறார்கள் என்று கேட்டு, மதுரையிலிருந்து ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விரல் நிறைய மோதிரம், பின்னால் நாலு அடியாள். கடைசி அத்தியாயத்தில் ஒன்று ஜெயில், இல்லாவிட்டால் மனமாற்றம். "நல்லவரோ கெட்டவரோ, நம்பும்படியாக ஒருவரையாவது யாராவது எழுதக் கூடாதா?" என்பது அந்த அம்மையாரின் கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் இதில் கதாசிரியர்களுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. சட்டசபை அங்கத்தினரின் வாழ்க்கையில் பெரும்பகுதி கதைக்கு உதவாத வாழ்க்கை. கல்யாணம், கருமாதி, காதுகுத்து, பாலம் திறப்பு, தாலூகா ஆபீஸ், சிபாரிசுக் கடிதம், மறுபடியும் கல்யாணம். ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் ஊரார் கூடி, 'நீ இருக்கலாம்' என்றோ 'போய் வா' என்றோ சொல்கிறார்கள். அந்தத் தீர்ப்பும் ஓர் எண்ணாகத்தான் வருகிறது. எண்ணை வைத்துக்கொண்டு எப்படி நாவல் எழுதுவது?

எழுதலாம் என்று எனக்குத் தோன்றச் செய்தவர் ஒருவர் உண்டு. அவர் நம் பக்கத்து மனிதர் அல்ல. குமுளி மலைக்கு அந்தப் புறத்தவர். கோட்டயம் ஜில்லா, பாலாத் தொகுதி, கே. எம். மாணி.

எனக்குக் கம்பம் பக்கத்துக் கிராமம். எங்கள் பெரியப்பா முட்டைக்கோசும் வாழைத்தாரும் லாரியில் ஏற்றிக்கொண்டு மலை இறங்கி, காஞ்சிரப்பள்ளி, பொன்குன்னம், பாலா என்று கடை கடையாக இறக்கிவிட்டு வருவார். 1991-ம் வருஷத்துத் தேர்தல் சமயத்தில் ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பாலாவை நெருங்க நெருங்க, ரப்பர் தோட்டத்து மதில்களில் எல்லாம் இரட்டை இலை. எனக்கு ஒரே ஆச்சரியம். "பெரியப்பா, நம்ம ஊர்க் கட்சி இங்கேயும் இருக்கா?" என்று கேட்டேன்.

"அந்த எலை வேறடா, இந்த எலை வேற. இது மாணி சாரு எலை. கடையில வந்து வாயைத் திறக்காம இரு" என்றார் பெரியப்பா. அவருக்கு வியாபாரம் முக்கியம்.

அந்த ஊரில் சிறு பிள்ளை முதல் பாதிரியார் வரை அவரை 'மாணி சார்' என்றுதான் சொல்வார்கள். 1933-ல் பிறந்தவர். விவசாயக் குடும்பம். திருச்சி ஜோசப் கல்லூரியிலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் படித்தவர் என்பதால், நம் சோற்றையும் சில வருஷம் தின்றிருக்கிறார் என்று நாம் சொந்தம் கொண்டாடலாம். வக்கீலாகி, காங்கிரஸில் சேர்ந்து, கோட்டயம் ஜில்லாக் காரியதரிசியாக இருந்தார். 1964-ல் பி. டி. சாக்கோ காலமான பிறகு, காங்கிரஸிலிருந்து 15 அங்கத்தினர்கள் பிரிந்து சங்கர் மந்திரிசபையைக் கவிழ்த்து, கேரள காங்கிரஸ் என்று ஒரு புதுக் கட்சியை ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷமே தேர்தல். அந்தக் கட்சியின் அபேட்சகராக மாணி பாலாவில் நின்றார். தொகுதிக்கும் அதுதான் முதல் தேர்தல். அவருக்கும் அதுதான் முதல் தேர்தல். ஜெயித்தார்.

ஜெயித்து என்ன? 1965-ம் வருஷத்துக் கேரளச் சட்டசபை ஒரு நாள்கூடக் கூடவில்லை! 133 இடங்களில் மார்க்சிஸ்டுகளுக்கு 40, காங்கிரஸுக்கு 36, கேரள காங்கிரஸுக்கு 23. யாருக்கும் பெரும்பான்மை கிடையாது. யாரும் யாரோடும் சேர்வதாகவும் இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் நாற்காலியில் உட்காரு முன்பே சபையைக் கலைத்துவிட்டார்கள். தாலி கட்டி முடிந்ததும், பந்தியில் இலை போடு முன்பே பந்தலைப் பிரித்த கதை. 32 வயதுக்காரர் ஒருவருக்கு அரசியல் எப்படிப்பட்டது என்று சொல்லித் தர இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு 1967, 1970, 1977, 1980, 1982, 1987, 1991, 1996, 2001, 2006, 2011, 2016. ஒரே தொகுதி, ஒரே மனிதர். 13 முறை ஜெயித்து 12 சபைகளில் உட்கார்ந்தார். ஒருமுறைகூடத் தோற்கவில்லை. பட்ஜெட்டும் 13 வாசித்தார். கேரளத்தில் வேறு எந்த நிதி மந்திரியும் இத்தனை வாசித்ததில்லை.

இந்த வரிசையைப் பார்த்ததும் 'அசைக்க முடியாத கோட்டை' என்று பத்திரிகைகள் எழுதிவிடும். நான் அந்தப் பக்கம் போகப் போவதில்லை. எனக்கு இதில் ருசியான இடம் 1970. அந்த வருஷம் காங்கிரஸ் அபேட்சகர் எம். எம். ஜேக்கப்பை மாணி ஜெயித்தது 364 ஓட்டில். வெறும் 364! ஒரு நடுத்தரக் கல்யாணத்துக்கு வரும் கூட்டம். நாலு தெருவில் காய்ச்சல் வந்து படுத்திருந்தால் போதும், 13 முறை ஜெயித்த மாணி என்று ஒருவர் சரித்திரத்தில் இருந்திருக்கமாட்டார். தோற்ற ஜேக்கப்பும் சாமானியர் அல்ல. பிற்காலத்தில் ராஜ்ய சபையின் துணைத் தலைவராகவும், மத்திய மந்திரியாகவும், மேகாலயத்தின் கவர்னராகவும் இருந்தார். ஆனால் பாலாவின் எம்.எல்.ஏ. மட்டும் ஆகவில்லை.

அந்த 364 ஓட்டை மாணி மறக்கவேயில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அவர் அப்படிச் சொன்னதாக நான் எங்கும் படித்ததில்லை. அவர் நடந்துகொண்ட விதத்திலிருந்து சொல்கிறேன். நிதி மந்திரியானாலும் சட்ட மந்திரியானாலும், திருவனந்தபுரத்திலிருந்து பாலாவுக்கு ஓடி வந்துவிடுவார். சாவு வீட்டுக்குப் போவார்; கல்யாண வீட்டுக்குப் போவார். பாலாதான் தம்முடைய இரண்டாவது மனைவி என்று வேடிக்கையாகச் சொல்லுவது அவர் வழக்கம். (முதல் மனைவி இதற்கு என்ன பதில் சொன்னார் என்று கேட்க எனக்கு ஆசை.)

தொகுதியில் இத்தனை விசுவாசமாக இருந்தவர், தலைநகரில் கூட்டணி மாறவும் கட்சித் தோழரோடு சேர்ந்து சேர்ந்து பிரியவும் தயங்கவில்லை என்பது இன்னொரு விசித்திரம். 1975 டிசம்பரில் அச்சுத மேனன் மந்திரிசபையில் முதல் தடவையாக மந்திரியானார். 1977-ல் உள்துறை. அந்த வருஷமே ஹைகோர்ட் அவருடைய தேர்தல் செல்லாது என்று தீர்ப்புச் சொல்ல, பதவியை விட்டார். அவருக்குப் பதிலாகக் கட்சித் தோழர் பி. ஜே. ஜோசப் உள்துறை மந்திரியானார். சுப்ரீம் கோர்ட்டில் மாணி ஜெயித்ததும், 1978 செப்டம்பரில் ஜோசப் எழுந்து நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தார். இப்படி நாற்காலியைக் காத்து வைத்துக் கொடுத்தவரோடு என்ன உறவு இருந்திருக்க வேண்டும்? அடுத்த வருஷமே இருவரும் பிரிந்து, கட்சி இரண்டாயிற்று. மாணியின் கட்சிக்கு அடைப்புக் குறிக்குள் 'எம்' என்று அவருடைய எழுத்தே பெயராயிற்று. 1980-ல் இடதுசாரி நாயனார் மந்திரிசபையில் நிதி மந்திரி. 1981-ல் அங்கிருந்து வெளியே. ஜோசப்போடு 1985-ல் சேர்ந்தார், 1987-ல் பிரிந்தார், 2010-ல் மறுபடி சேர்ந்தார். தம் கட்சி வளர வளரப் பிளக்கும், பிளக்கப் பிளக்க வளரும் என்று அவரே சொன்னது மலையாளத்தில் பழமொழி போலவே ஆகிவிட்டது. தம்மைத் தாமே கேலி செய்துகொள்ளத் தெரிந்த அரசியல்வாதியைத் தோற்கடிப்பது சிரமம்.

நல்ல காரியமும் செய்தார். 2011-ல் நிதி மந்திரியாக இருந்தபோது 'காருண்யா' என்று ஒரு லாட்டரியை ஆரம்பித்து, அதன் லாபத்தை ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கு என்று ஒதுக்கினார். நம் மாகாணத்தில் 2003-லேயே லாட்டரிச் சீட்டை நிறுத்திவிட்டார்கள். ஆகவே எங்கள் பக்கத்து ஆசாமிகள் குமுளிக்குப் போய்க் காருண்யா வாங்குவார்கள். பெரியப்பா கடைசிக் காலம் வரை வாங்கினார். பரிசு விழவில்லை. "போகுது போ, எவனோ ஒருத்தன் சிறுநீரகத்துக்குப் போச்சு" என்பார்.

அப்புறம் வந்தது 2014. மூடிக்கிடந்த மதுக்கடைகளைத் திறக்க மாணி 1 கோடி ரூபாய் வாங்கினார் என்று மதுக்கடைச் சொந்தக்காரர் ஒருவர் குற்றம் சாட்டினார். மாணி கடைசிவரை மறுத்தார். 2015 மார்ச் 13-ந் தேதி அவர் தமது பதின்மூன்றாவது பட்ஜெட்டை வாசிக்க எழுந்தபோது, இடதுசாரி அங்கத்தினர்கள் சபாநாயகரின் மேடையில் ஏறி, நாற்காலியைத் தூக்கி எறிந்தார்கள். சுற்றிலும் அரண்போல ஆட்கள் நிற்க, 82 வயதுக் கிழவர் ஏதோ நாலு வரி வாசித்துப் பட்ஜெட் வந்ததாகப் பேர் பண்ணினார். அந்த நவம்பரில் ராஜினாமா. அதற்கு அடுத்த வருஷம் தேர்தல்.

பாலா என்ன செய்தது? மாணிக்கே ஓட்டுப் போட்டது. வித்தியாசம் 4,703.

இங்கேதான் அந்த எண்களைச் சற்று நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். 2001-ல் அவர் இருபதாயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தவர். 2006-ல் 7,759. 2011-ல் 5,259. 2016-ல் 4,703. யாரோ ஒருவர் படி படியாக மேலே ஏறி வந்துகொண்டிருக்கிறார் என்று தெரிகிறதல்லவா? மூன்று தேர்தலிலும் எதிரே நின்றவர் ஒருவரேதான். அவர் பெயரும் மாணி! மாணி சி. காப்பன். தகப்பனார் சுதந்திரப் போராட்ட வீரர், பார்லிமெண்டு மெம்பர். இவர் கைப்பந்து ஆட்டக்காரராக இருந்து, சினிமாப் படம் எடுத்து, நடித்து, தேசியவாத காங்கிரஸ் கட்சியில் சேர்ந்தவர். மூன்று முறை தோற்று, மூன்று முறையும் அதே ஊரில் அதே மனிதர்களிடம் திரும்பிப் போய் நின்றார்.

2019 ஏப்ரல் 9-ந் தேதி மாணி சார் காலமானார். செப்டம்பரில் இடைத்தேர்தல். அந்தச் சமயத்தில், பெரியப்பா காலத்திலிருந்து பழக்கமான ஒரு வியாபாரியின் வீட்டுக் கல்யாணத்துக்காக நான் பாலாவுக்குப் போயிருந்தேன். மீனச்சில் ஆறு நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் தட்டிகள், ஆனால் இரட்டை இலையைக் காணோம். மாணி போனதும், மகன் ஜோஸ் கே. மாணிக்கும் பழைய ஜோசப்புக்கும் கட்சி யாருடையது என்று தகராறு. சின்னம் கிடைக்கவில்லை. மகன் ராஜ்ய சபையில் இருந்ததால் அவர் நிற்கவில்லை. அவருடைய ஆளாக ஜோஸ் டோம் என்பவர் நின்றார். தேர்தல் அதிகாரி அவருக்குக் கொடுத்த சின்னம் அன்னாசிப் பழம்!

கல்யாண வீட்டில் வியாபாரியின் தாயார் இருந்தார். 76 வயது. கல்யாணமாகிப் பாலாவுக்கு வந்த புதிதில், 1965-ல், முதல் ஓட்டே மாணி சாருக்குத்தான் போட்டாராம். "இந்தத் தரம் அன்னாசிக்கா அம்மச்சி?" என்று அவரைச் சீண்டினார்கள் பேரப் பிள்ளைகள்.

அம்மச்சி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, தமிழும் மலையாளமுமாகச் சொன்னார்: "அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரர் மரிச்சப்போ மாணி சார் வந்தார். மழை. குடை பிடிக்க ஆள் வந்ததை வேண்டாம்னுட்டு முற்றத்துல நின்னார். காப்பனும் வந்தான். தோத்துட்டுத்தான் இருந்தான், ஆனாலும் வந்தான்." கொஞ்சம் பொறுத்து, "மாணி சாருக்கு நான் கொடுத்தது மாணி சாருக்கு. பிள்ளைக்கு எழுதி வைக்க அது என்ன, ரப்பர்த் தோட்டமா?" என்றார்.

கல்யாணப் பெண்ணின் தகப்பனார் வந்து, பந்திக்கு நேரமாயிற்று என்று பேச்சை மாற்றினார். அவர் அன்னாசிக் கட்சி.

செப்டம்பர் 27-ந் தேதி எண்ணினார்கள். காப்பன் 54,137, ஜோஸ் டோம் 51,194. வித்தியாசம் 2,943. பாலாவின் எம்.எல்.ஏ. அப்போதும் ஒரு மாணிதான் என்பதில் ஊராருக்குச் சற்று ஆறுதல் இருந்திருக்கும்.

அதற்கு மேலும் கதை இருக்கிறது. 2020-ல் தேர்தல் கமிஷன் இரட்டை இலையை மகனுக்கே கொடுத்தது. அந்த வருஷமே அவர், தந்தையார் பட்ஜெட் வாசித்தபோது நாற்காலியைத் தூக்கி எறிந்த அதே இடதுசாரிக் கூட்டணியில் போய்ச் சேர்ந்தார். கூட்டணி பாலாவை அவருக்கு ஒதுக்கியது. காப்பன் கோபித்துக்கொண்டு காங்கிரஸ் அணிக்குத் தாண்டினார். 2021-ல் இரட்டை இலையும், அப்பாவின் பெயரும், ஆளும் கூட்டணியும் கையில் இருந்தும், மகன் 15,378 ஓட்டில் தோற்றார்.

அம்மச்சியின் சொல்லை எல்லா ஊருக்கும் பொருத்திப் பார்க்க நான் தயாரில்லை. அதே கோட்டயம் ஜில்லாவில் புதுப்பள்ளி என்ற தொகுதி இருக்கிறது. உம்மன் சாண்டி 1970 முதல் 2021 வரை வரிசையாக 12 முறை அங்கே ஜெயித்தவர். மாணி சார் சபையில் இருந்த நாள் கணக்கை 2022-ல் தாண்டியவரும் அவரே. 2023 ஜூலையில் அவர் காலமானதும், செப்டம்பரில் அவர் மகனைப் புதுப்பள்ளிக்காரர்கள் 37,719 ஓட்டு வித்தியாசத்தில் அனுப்பிவைத்தார்கள். அங்கே எழுதிக் கொடுத்தார்கள்; இங்கே மாட்டோம் என்றார்கள். இரண்டு ஊரும் ஒரே மழையில் நனைகிறவைதான். தந்தை மறைந்த துக்கம் ஆறு முன் மகன் வந்து நின்றது புதுப்பள்ளி. சின்னத்துக்கும் கட்சிக்கும் சண்டை போட்ட பிறகு வந்து நின்றது பாலா. அது ஒரு காரணமாக இருக்கலாம். காப்பன் மூன்று முறை தோற்றபோதும் ஊரைவிட்டுப் போகாதது இன்னொரு காரணம். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

மதுரை அம்மையாருக்குப் பதில் எழுதிவிட்டேன். நாவல் ஒன்று ஆரம்பித்திருக்கிறேன்; நாலு அத்தியாயம் ஆகியிருக்கிறது. கதாநாயகன் ஜெயித்தவன் அல்ல, எதிரே நிற்பவன். முதல் தேர்தலில் தோற்று வீட்டுக்கு வந்து, மறுநாள் காலையில் ஒரு சாவு வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். மனைவி சலவைச் சட்டையை எடுத்துக் கொடுக்கிறாளா, இல்லை, "இனிமேல் எதற்கு?" என்று கேட்கிறாளா என்பதில் ஒரு வாரமாக நின்றுகொண்டிருக்கிறேன்.