நடத்தை: நன்று

அம்பத்தூரில் ஒரு மெட்ரிக் பள்ளிக்கு முதல்வராக இருந்தவள் நான். சட்டம் தெரியாமல் தவறிவிட்டேன் என்று தப்பிக்க எனக்கு வழியில்லை. என் அறை வாசலிலேயே 1098, 14417 என்ற உதவி எண்கள் எழுதிய பலகை தொங்கியது. ஆசிரியர் கூட்டத்தில், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பற்றி வகுப்பெடுத்ததும் நானேதான்.

கணக்கு சார் நோட்டுத் திருத்தும் சாக்கில் தொடுகிறார், ராத்திரியில் போட்டோ அனுப்பச் சொல்லி வாட்ஸ்அப் செய்கிறார் என்று ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வகுப்பாசிரியையிடம் அழுதிருக்கிறாள். மெசேஜ்களை நானும் பார்த்தேன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் அவள் அம்மா, "பேரு வெளிய வந்துடும் மேடம். ஆளை அனுப்பிடுங்க, போதும்" என்றார். எனக்கு வந்தது நிம்மதி. அட்மிஷன் நேரம் வேறு.

2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு பெற்றோரின் சம்மதத்தைக் கேட்பதில்லை. குற்றம் நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். குழந்தையின் அடையாளத்தை வெளியே விடக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதை மட்டும் அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் சம்மதித்திருப்பாரோ என்னவோ.

தனக்குக் கீழே வேலை பார்ப்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு 21-ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை. ஏட்டுச் சட்டமில்லை இது. 2021 நவம்பரில் கோவையில் பிளஸ் டூ மாணவி தற்கொலை செய்துகொண்ட வழக்கில், ஆசிரியரோடு அவள் முன்பு படித்த பள்ளியின் முதல்வரும் கைதானார். அந்தச் செய்தியைப் படித்து 'இப்படியுமா இருப்பார்கள்' என்று ஸ்டாஃப் ரூமில் பேசியவர்களில் நானும் ஒருத்தி.

கணக்கு சாரிடம் ராஜினாமா எழுதி வாங்கினேன், 'சொந்தக் காரணங்களுக்காக' என்று. அனுபவச் சான்றிதழ் கேட்டார். கிளார்க் வழக்கமான படிவத்தை எடுத்து நிரப்பினார். கடைசி வரி, 'நடத்தை: நன்று'. பேனா அங்கே ஒரு கணம் நின்றது. அந்த வரியை அடித்தால் அவர் ஏனென்று கேட்பார், சண்டை வரும். பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, சீலும் வைத்துக் கொடுத்தேன்.

இங்கிலாந்தில், நீக்கப்படும் முன்பே ஆசிரியர் ராஜினாமா செய்துவிட்டாலும், ஒழுங்குமுறை அமைப்புக்குத் தகவல் தருவதைப் பள்ளி பரிசீலித்தே ஆக வேண்டும். ராஜினாமா எதற்குப் பயன்படும் என்று அங்கே முன்பே யோசித்திருக்கிறார்கள்.

பூந்தமல்லிப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து போன் வந்தது. "ஆள் எப்படி மேடம்?" என்று கேட்டார்கள். "ரிசல்ட் நல்லா காட்டுவார்" என்றேன். "வேற ஏதாவது?" "இல்லை." என் செயல்களில் இதுதான் ஆக மோசம். சான்றிதழையாவது பழக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கே நேராகக் கேட்டார்கள், நேராகப் பொய் சொன்னேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டே என்று வக்கீலிடம் கேட்டேன். "இவ்வளவு நாள் மறைச்சதுக்கு அது பொருந்தாது மேடம்" என்றார். சான்றிதழின் ஆபீஸ் காப்பியையும் புகாரோடு இணைத்திருக்கிறேன்.