வேகமும் வாகன துஆவும்

சென்ற விடுமுறையில் மத்ரஸா மாணவர்களைக் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். கரியாலூரில் படகுக்காகக் காத்திருக்கையில், பதினேழு வயது மாணவன் ஒருவன் கைபேசியில் ஒரு ஜெட் படகைக் காட்டினான். பழைய என்ஜினை அகற்றிப் பெரிய என்ஜின் பொருத்திய படகு. "குதிரைத்திறன் இரண்டு மடங்கானால் வேகமும் இரண்டு மடங்குதானே, ஹஜ்ரத்?" என்றான். நமக்கு விடை தெரியவில்லை. 'அல்லாஹு அஃலம்' என்று சொல்லி ஒரு வாரம் தவணை கேட்டோம்.

தேடிப் படித்தோம். ஜெட் படகு அடியிலிருந்து நீரை உறிஞ்சிப் பின்புறமாகப் பீய்ச்சி, அந்த உந்துதலால் ஓடுகிறது. வேகம் ஏற ஏற நீரின் எதிர்ப்பு அதைவிட விரைவாக ஏறுவதால், இரு மடங்கு வேகத்திற்கு இரு மடங்கு சக்தி போதாது. உள்ளே சுழலும் விசிறி புதிய என்ஜினுக்குப் பொருந்தாவிட்டால் நீரில் ஆவிக்குமிழிகள் உண்டாகி அதன் இதழ்களை அரித்துவிடும். இரைச்சல் கூடும், வேகம் கூடாது. 1950களில் நியூசிலாந்தின் ஆழமற்ற ஆறுகளுக்காக இதை உருவாக்கியவர் பில் ஹாமில்டன். நீரைப் பீய்ச்சும் வாயை நீர்மட்டத்திற்கு மேலே உயர்த்திய பிறகே அவருக்கு உண்மையான வெற்றி கிட்டியது. பெரிய என்ஜின் அன்று, ஓர் இடமாற்றம்! 1977இல் எட்மண்ட் ஹிலாரி அத்தகைய படகுகளில் கங்கையை எதிர்த்து ஏறினார். நந்தப்பிரயாகைக்கு அருகே ஓர் அருவி அவரை நிறுத்திவிட்டது.

இவற்றையெல்லாம் சொன்ன பிறகுதான், அண்ணனின் மோட்டார் சைக்கிளில் பெரிய என்ஜின் மாற்ற மெக்கானிக்கிடம் முன்பணம் கொடுத்திருப்பதை அவன் சொன்னான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதற்கு இடம் தராது என்றோம். சிரித்தான். மலைச்சாலைத் திருப்பமொன்றில் உயிரிழந்த இளைஞனுக்குச் சென்ற ரஜபில் நாம் ஜனாஸா தொழவைத்தபோது, இவனும் முதல் வரிசையில் நின்றவன்தான்.

வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை ஓதச் சொன்னோம். கப்பல்களையும் கால்நடைகளையும் கூறும் வசனத்தை அடுத்து, ஸூரத்துஸ் ஸுக்ருஃபில் வருவது அது. இவ்வாகனத்தை வசப்படுத்தும் ஆற்றல் நமக்கு இல்லை என்று ஒப்புக்கொள்ளும் இடம் வரை அழகாக ஓதினான். இறைவனிடமே திரும்பிச் செல்கிறோம் என்னும் அடுத்த வசனத்தை விட்டுவிட்டான். மறதியா, அவசரமா என்று நாம் கேட்கவில்லை. மறுநாள் அதை மனனம் செய்து வருமாறு சொன்னோம். வந்து ஓதினான். முன்பணத்தைத் திரும்பப் பெற்றானா என்பதை இன்னும் சொல்லவில்லை.