எழுதப்படாத திருப்பங்கள்

சரிபார்க்க ஒரு ஃபங்ஷன் கைக்கு வந்தால் இரண்டு முறை படிப்பேன். முதல் முறை, எழுதியவர் நினைத்த வரிசையில். அடுத்த முறை ஒவ்வொரு வரியிலும் நின்று, "இங்கே எக்செப்ஷன் கிளம்பினால், அதுவரை செய்ததெல்லாம் எந்த நிலையில் கிடக்கும்?" என்று கேட்டுக்கொண்டு. பிழைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வாசிப்பில்தான் அகப்படும்.

ஒரு கணக்கில் பணத்தைக் கழிக்கிற வரி, அடுத்து இன்னொரு கணக்கில் சேர்க்கிற வரி. சேர்க்கும்போது எக்செப்ஷன் எழுந்தால் ஓட்டம் கீழே போகாது. அந்த ஃபங்ஷனை விட்டு, அதை அழைத்த ஃபங்ஷனையும் விட்டு, பிடிக்க ஆள் கிடைக்கும்வரை மேலே ஏறிக்கொண்டே இருக்கும். கழித்த பணம் கழித்தபடியே நிற்கும். இஃப், ஃபார் போன்ற திருப்பங்கள் கண்ணுக்குத் தெரியும். எக்செப்ஷனின் திருப்பம் எந்த வரியிலும் எழுதியிருக்காது. அதனால் தவறக்கூடிய வேலைகளை முதலில் முடித்துவிட்டு, நிலையை மாற்றும் வரிகளைக் கடைசிக்குத் தள்ளுவேன். டேட்டாபேஸ் என்றால் கழிப்பதும் சேர்ப்பதும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள். ரஸ்ட் மொழியில் பிழையோடு வெளியேறக்கூடிய இடத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கும். அந்தச் சின்னக் குறி எனக்கு மிகவும் பிடிக்கும்.

பைத்தானிலோ ஃபைனலி பகுதிக்குள் ரிட்டர்ன் எழுதினால், மேலே போய்க்கொண்டிருந்த எக்செப்ஷன் சத்தமில்லாமல் மறைந்துவிடும். 3.14 பதிப்பு இதற்கு எச்சரிக்கை தருகிறது. எப்போதோ வந்திருக்க வேண்டியது.

எக்செப்ஷனைப் பிடித்த பிறகு என்ன செய்வது என்பதுதான் இன்னும் கடினம். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணத்தில், திசை காட்டும் கருவிக்குள் கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஒரு 64 பிட் மதிப்பு 16 பிட் முழு எண்ணுக்குள் அடங்காமல் எக்செப்ஷன் எழுந்தது. ராக்கெட் கிளம்பிய பிறகு அந்தக் கணக்கால் பயனே இல்லை. ஆனால் எக்செப்ஷன் வந்தால் ப்ராசஸரை நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. வன்பொருள்தான் எப்போதாவது பழுதாகும் என்று எண்ணி வகுத்தது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள்தான், அது முன்னதாகவே நின்றுபோயிருந்தது. முதன்மைக் கருவி அனுப்பிய பழுதுக் குறிப்பை ராக்கெட்டின் கணினி பயணத் தரவாக எடுத்துக்கொண்டு எஞ்சின் முனைகளைத் திருப்பியது. கிளம்பிச் சுமார் 40 விநாடிகளில் ராக்கெட் சிதறியது.

இதை எண் வழிந்த கதையாகவே பலரும் சொல்கிறார்கள். எனக்கு இது அந்த 'நிறுத்து' விதியின் கதை. வழிந்த எண்ணுக்குப் பதில் இயன்ற உச்ச மதிப்பை வைத்து, கருவி தொடர்ந்து திசை காட்டியிருக்கலாம்.