ஆடியில் கழுவும் ஃபிரேம்கள்

ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களுக்கு வேலை இருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். கீழவாசல் பக்கம் ஒரு சந்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்திருப்பவர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக் குழாயடியில் குந்தியிருந்தார். சுற்றிலும் பத்துப் பதினைந்து மரச்சட்டங்கள். அக்கா மகனுக்கு ஆவணியில் முகூர்த்தம். பத்திரிகைக்கு விலை கேட்கப் போனவன் ஒரு மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

மையை மண்ணெண்ணெயில் துடைத்தாயிற்று. ஆனாலும் எழுத்து அப்படியே இருந்தது. எழுத்து மையில் இருந்தால்தானே போவதற்கு? நைலான் துணியில் பைகுரோமேட் கலந்த பசையைத் தடவி, இருட்டில் உலர்த்தி, மேலே பாசிட்டிவை வைத்து வெளிச்சம் காட்டுகிறார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். எழுத்தின் நிழல் விழுந்த இடம் தண்ணீர் பட்டதும் கரைந்து, மை இறங்க வழிவிடும். ஸ்கிரீனில் எழுத்து என்பது ஒன்றுமில்லாத இடம்தான்.

இறுகிய பசையை உரிக்க, அவர் பாஷையில் டீகோட்டிங் செய்ய, பிளீச்சிங் பவுடர். கரைத்துப் பூசி, சற்று ஊறவிட்டுத் தேய்த்தால் பாலாடை மாதிரி சுருண்டு வந்துவிடுகிறது. எனக்குக் கண் எரிந்தது. அவர் வெறுங்கையோடுதான் தேய்த்தார். கையுறை போட்டுக்கொள்ளக் கூடாதா என்றேன். “பிடி கிடைக்க மாட்டேங்குது சார்.” பைகுரோமேட் தோலைப் புண்ணாக்கும், புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்து, விலை பேச வந்த இடத்தில் எதற்கு என்று அடக்கிக்கொண்டேன். எனக்கு எப்போதுமே இந்தக் கோழைத்தனம் உண்டு.

கழுவிய ஃபிரேம் ஒன்றை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். துணி சுத்தமாக இல்லை. மங்கலாக ஒரு பிள்ளையார். அவருக்குக் கீழே, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, கொஞ்சம் தடித்துப்போய், ‘நிகழும்’. ஊரில் எல்லாப் பத்திரிகையும் ‘நிகழும் மங்களகரமான’ என்றுதானே தொடங்குகிறது! எத்தனையோ பேருடைய கல்யாணம் அந்த ஒரு சொல்லில் வண்டலாகப் படிந்திருந்தது. பெயர்கள்தான் கலைந்து தெளிவில்லாமல் கிடந்தன.

“கறை கெடந்துட்டுப் போவுது சார். துணியோட கண்ணு அடைச்சிருக்கக் கூடாது. அடைச்சாத்தான் அடுத்த வேலையில தெரியும்.” காஸ்டிக் போட்டால் கறையும் போகுமாம். விடாமல் தேய்த்தால் துணி தொய்ந்துவிடும். புதுத் துணி இழுத்துக் கட்டுவது செலவு. ஆனால் கருமாதிப் பத்திரிகைக்கு மட்டும் தனி ஃபிரேம் வைத்திருக்கிறார். கறை காகிதத்தில்தான் விழாதே, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். “எனக்குத் தெரியுமே” என்றார்.

எனக்குத் தஞ்சைப் பெரிய கோவில் ஞாபகம் வந்தது. கருவறையைச் சுற்றியுள்ள உள்பாதையில் ராஜராஜன் காலத்துச் சித்திரங்கள். நாயக்கர் காலத்தில் அதே சுவரில் அவற்றின்மேல் சாந்து பூசி வேறு சித்திரம் எழுதிவிட்டார்கள். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே.கோவிந்தசாமி அங்கே நுழைந்து பார்த்தபோதுதான், மேல்பூச்சு உதிர்ந்த இடங்களில் சோழர் சித்திரம் எட்டிப் பார்த்தது தெரியவந்தது. பிற்பாடு தொல்லியல் துறை மேல் ஓவியங்கள் சிலவற்றைச் சேதமில்லாமல் உரித்தெடுத்து ஃபைபர் கிளாஸ் பலகைகளில் ஒட்டி வைத்தது. பிளீச்சிங் பவுடர் இல்லாத டீகோட்டிங். உரித்ததையும் குப்பையில் போடாத டீகோட்டிங்.

அந்தப் பாதைக்குள் நம்மை விடமாட்டார்கள். நான் பார்த்ததெல்லாம் புத்தகப் படங்கள்தான். அதில் ஒன்றை அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்: சுந்தரர் கதை. புத்தூரில் கல்யாணப் பந்தலுக்குள் கிழ வேதியர் ஒருவர் புகுந்து, ‘நீ எனக்கு அடிமை, இதோ ஓலை’ என்கிறார். மாப்பிள்ளை சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழித்தது படியோலை, மூலஓலை பத்திரமாக இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கே இழுத்துப்போய் வழக்கை ஜெயிக்கிறார். சேக்கிழார் பெரியபுராணம் பாடுவதற்கு நூறு வருஷத்துக்கும் முன்பே இந்தச் சுவரில் எழுதிய கதை இது. ஓலையை நீட்டிக்கொண்டு நிற்கும் கிழவர் பூச்சுக்குள் எத்தனை காலம் காத்திருந்தாரோ! நின்றுபோன அந்தக் கல்யாணத்துக்கும் யாரோ ஓலை எழுதி ஊரை அழைத்திருப்பார்கள். அவர்கள் பாடுதான் எனக்குக் கவலை.

விலை படிந்தது. ஆஃப்செட் வந்து பத்திரிகை வேலை பாதியாகிவிட்டதாம். 2019-இல் பிளாஸ்டிக் தடையும், 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்த பிறகு தாம்பூலப் பை வேலைதான் ஓரளவு கைகொடுக்கிறது என்றார். ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு வருகிறவனைப் பட்டிக்காட்டான் என்று சிரித்த ஊர்தான் இது. நானும் சிரித்திருக்கிறேன்.

“ஒங்க மருமவன் பேரு இதுலதான் வரும்” என்று அந்தப் பிள்ளையார் ஃபிரேமை நிழலில் சாய்த்து வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, மறுபடி எடுத்து, ‘நிகழும்’மேல் பிரஷை வைத்தார்.

“போதும், விடுங்க” என்றேன்.