கடல் மட்டத்திலிருந்து ஏழாவது மலைக்கு

எங்க கல்மண்டபத்தில் 'ஏற்றம்' என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே கிடையாது. கிழக்கே கடல், தெற்கே துறைமுகம், பக்கத்திலேயே காசிமேடு. எல்லாமே தட்டை. சைக்கிளில் மூச்சு வாங்கணும் என்றால் மேம்பாலத்தைத் தேடித்தான் போகணும். அப்படிப்பட்ட ஏரியாவிலிருந்து எங்க தெருப் பசங்க கோயமுத்தூர் பக்கம் வெள்ளியங்கிரிக்குக் கிளம்புகிறார்கள். திரும்பி வந்ததும் எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வி: "எத்தனை மணி நேரத்துல ஏறின மச்சான்?"

பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழாவது மலை உச்சிக்குச் சுமார் 6 கிலோமீட்டர். பீச் ரோட்டில் தினமும் ஓடுகிறவனுக்கு இது ஒரு தூரமா என்று தோன்றும். இங்கேதான் கணக்கு இடிக்கிறது. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் ஒரு எளிய கணக்குச் சொன்னார். சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். வெள்ளியங்கிரியின் ஏற்றத்தை 1,200 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், தூரத்துக்கு 1 மணி 12 நிமிஷம், உயரத்துக்கு 2 மணி நேரம். மொத்தம் 3 மணி 12 நிமிஷம். அதுவும் நடுவில் உட்காராமல் போனால்!

ஐரோப்பாவில் 'வெர்டிகல் கிலோமீட்டர்' என்றே ஒரு பந்தயம் இருக்கிறது. 5 கிலோமீட்டர் தூரத்துக்குள் 1,000 மீட்டர் ஏறி முடிக்கணும். அதில் ஜெயிக்கிற ஆட்களே செங்குத்தான இடங்களில் ஓடுவதில்லை. முழங்காலில் கை ஊன்றியோ, குச்சி ஊன்றியோ வேகமாக நடக்கிறார்கள். அந்தச் சரிவில் ஓட்டத்தைவிட நடைக்குத்தான் சக்தி குறைவாகச் செலவாகும். நம்ம ஆட்கள் வெள்ளியங்கிரி அடிவாரத்தில் வாங்கும் மூங்கில் கழியும் அதே வேலையைத்தான் செய்கிறது.

எங்க குழுவில் நன்றாக ஏறியது ரன்னர்கள் இல்லை, என் சித்தப்பா. காசிமேட்டில் மீன் பெட்டி தூக்குகிறவர். வயசு ஐம்பது. முதல் மலைப் படிக்கட்டில் எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள். மூன்றாவது மலையில் அவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்திருக்க, இவர் அதே நடையில் வந்து சேர்ந்தார். "லோடு தூக்குறவன் காலையில ஓடினா மத்தியானம் படுத்துடுவான். பேசிக்கிட்டே போக முடியணும். பேச்சு வரலன்னா நடையைக் குறை" என்றார். உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

அங்கே எங்களில் வேகமாக ஓடக்கூடிய பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நீங்க போங்க, வரேன்" என்றான். இரண்டு பேர் கிளம்பவும் தயாரானார்கள். சித்தப்பா விடவில்லை. முக்கால் மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்தோம். 'டைமிங் போச்சே' என்று முணுமுணுப்பு. ஆனால் 2024 சீசனில் இதே மலையில் ஏறும்போது பலர் மூச்சுத்திணறலிலும் நெஞ்சுவலியிலும் இறந்துபோனார்கள். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் ஏறவேண்டாம் என்று வனத்துறை எச்சரித்தது. மேலே ஆம்புலன்ஸ் வராது. ஆட்கள்தான் தூக்கி இறக்கணும். ராத்திரி முழுக்க ரயிலில் தூங்காமல் வந்து அப்படியே ஏறுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

மலை இல்லாத ஊரில் பயிற்சிக்கு என்ன வழி? நாலு மாடி வீடு என்றால் சுமார் 12 மீட்டர். நூறு தடவை ஏறினால் ஒரு வெள்ளியங்கிரி (ஒரே நாளில் இல்லை சாமி, மெதுவாக!). ஞாயிற்றுக்கிழமை பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் பரங்கிமலை. 18ஆம் நூற்றாண்டில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் கட்டிக்கொடுத்த படிக்கட்டு அங்கே இருக்கிறது. ஏறுவதோடு இறங்கவும் பழகுங்கள். தொடையும் முழங்காலும் கெஞ்சுவது இறங்கும்போதுதான்.

சீசன் பிப்ரவரியில் தொடங்கும். வருகிறவர்கள் இப்போதே லிஃப்டை மறந்துவிடுங்கள். ஒரு கண்டிஷன்: குழுவில் யார் மெதுவோ, அவர் நடைதான் எல்லோருக்கும் நடை. ஒத்துக்கொண்டால் பெயர் கொடுங்க.